புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் தானாக அணைகிறதா? பாகம் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

புது கம்ப்யூட்டர் வேலை நடுவே பொட்டென்று அணைந்தால், பலரும் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை (எல்லா பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) மாற்றுகிறார்கள். சரியாகவில்லையா, அடுத்து ரேம். அதுவும் இல்லையா, மதர்போர்டு. கடைசியில் பார்த்தால் கேபினட்டின் பவர் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டு இருந்திருக்கும். காசு செலவாகாத சோதனைகளை முதலில் முடித்துவிட்டு, பாகங்களைக் கடைசியில் தொடுவதுதான் இங்கே சொல்லப்போகும் வரிசை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைத் தேதி, நேரத்தோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்து பிரச்சினை நின்றுபோனால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். மறுபடி வந்தால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தேவையானவை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், டார்ச், ஒரு பென் டிரைவ், முடிந்தால் மல்டிமீட்டர். சோதனை மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கும். முதல் ஐந்து படிகளின் கைவேலையை ஒரு மாலையில் முடிக்கலாம், இடையே ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லும் நேரம் தனி. ரேம் சோதனைக்கு ஓர் இரவு வேண்டும். மற்றவற்றுக்கு இன்னும் ஓரிரு நாள் ஒதுக்குங்கள்.

1. முதலில் பில்லும் தேதியும்

திறப்பதற்கு முன் எல்லா பில்களையும் எடுத்து வைத்து, ஒவ்வொரு பாகத்தையும் விற்றவர் எத்தனை நாளுக்குள் நேரடியாக மாற்றித் தருவார் என்று பாருங்கள். அந்தக் கெடு முடிந்துவிட்டால் தயாரிப்பாளரின் சர்வீஸ் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே கெடு சீக்கிரம் முடிகிற பாகத்தின் சோதனையை முன்னே தள்ளிக்கொள்ளலாம். அட்டைப் பெட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள். சீரியல் எண் ஸ்டிக்கர்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிராசஸரின் எண் கூலருக்கு அடியில் மறைந்திருக்கும் என்பதால் அதன் பெட்டியைப் போட்டோ எடுத்தால் போதும்.

விண்டோஸில் டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்றும் இப்போதே பாருங்கள். இயங்கினால் அதன் ரெகவரி கீயை வேறோர் இடத்தில் எழுதி வையுங்கள். பின்னால் பயாஸை (விண்டோஸுக்கு முன்பே எழும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிக்கும்போதோ, அதிலுள்ள செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை மாற்றும்போதோ அந்தக் கீயைக் கேட்டு டிரைவ் பூட்டிக்கொள்ளக்கூடும். கீ இல்லையென்றால் உள்ளே இருப்பது போனதுதான்.

2. எப்படி அணைகிறது?

"ஆஃப் ஆகிவிடுகிறது" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. அடுத்த முறை அணையும்போது இவற்றைக் கவனியுங்கள்.

ஃபேன், விளக்கு எல்லாம் ஒரே நொடியில் நின்று, அதன்பின் பவர் பட்டனை அழுத்தினாலும் உயிர் வரவில்லை. பின்பக்கச் சுவிட்சை அணைத்துச் சில வினாடி விட்டுப் போட்டால்தான் வருகிறது. இது எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டதன் அடையாளம். எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கோ ஷார்ட் அல்லது அதிகச் சுமை இருந்ததால் அது தன் கடமையைச் செய்திருக்கலாம்.

ஒரே நொடியில் நின்று, உடனே தானாக மறுபடி எழுந்துகொள்கிறது: மின்சாரத்தில் நொடிப்பொழுது இறக்கம், பிராசஸர் நிலையாக ஓடாமை, ரீசெட் பட்டன் ஷார்ட் ஆகியவை சந்தேகத்துக்குரியவை.

நீலத் திரை வந்து ரீஸ்டார்ட் ஆகிறது: ரேம், டிரைவர், எஸ்எஸ்டி, பிராசஸர் பக்கம் போங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைக் கடைசியில் வையுங்கள்.

திரை மட்டும் கறுத்து, ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது, பாட்டும் கேட்கிறது: இது அணைவதே இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு, அதன் டிரைவர், மானிட்டர் கேபிள் என்று தேடுங்கள்.

அணைய எடுத்துக்கொள்ளும் நேரமும் துப்பு கொடுக்கும். பவர் போட்ட 4 அல்லது 5 வினாடியில் ஒவ்வொரு முறையும் அணைந்தால் பவர் பட்டன் சிக்கியிருக்கிறது; பட்டனை 4 வினாடி அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டரை வலுக்கட்டாயமாக அணைக்கும் ஏற்பாடு எல்லா மதர்போர்டிலும் உண்டு. ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்தில் என்றால் கூலர் பிராசஸரில் சரியாக உட்காரவில்லை அல்லது தண்ணீர் கூலரின் பம்ப் ஓடவில்லை. கேம் தொடங்கும் கணத்தில் என்றால் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் மின்சாரம். அரை மணி நேரம் விளையாடிய பிறகு என்றால் வெப்பம். சும்மா விட்டிருக்கும்போது மட்டும் என்றால் நேரே 9-ஆம் படிக்குப் போகலாம்.

3. விண்டோஸ் எழுதி வைத்ததைப் படியுங்கள்

ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸுக்குள் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். அணைந்த நேரத்தை ஒட்டி என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கெர்னல் பவர் 41 என்ற சிவப்பு வரியைப் பார்த்ததும் பலர் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். "போன தடவை முறையாக அணைக்கப்படவில்லை" என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்லவில்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41 வரும். அதன் டீடெயில்ஸ் பக்கத்தில் இருக்கும் இரண்டு எண்கள்தான் உங்களுக்கு வேண்டியவை.

முதலாவது, பக்செக் கோட். அது 0 என்றால் விண்டோஸுக்கு எதையும் பதிவு செய்ய நேரமே கிடைக்கவில்லை. மின்சாரம், வெப்பம், ஷார்ட் பக்கம் போங்கள். வேறு எண் இருந்தால் அது நீலத் திரையின் எண். 292 என்றால் வன்பொருள் பிழை. 26 என்றால் நினைவகம், ரேமிலிருந்து தொடங்குங்கள். 278 என்றால் கிராஃபிக்ஸ் கார்டோ அதன் டிரைவரோ பதில் சொல்லவில்லை. 257 என்றால் பிராசஸரின் ஒரு கோர் (அதற்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி) உறைந்துவிட்டது. நிலையற்ற ஓவர்கிளாக்கில் (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதில்) இது அடிக்கடி வரும்.

இரண்டாவது, பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப். இது 0 இல்லாமல் இருந்து, நீங்களும் பட்டனைத் தொடவில்லை என்றால், பட்டனோ அதன் வயரோதான் குற்றவாளி. இந்த ஒரு வரியைப் படித்தால் பல பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

வன்பொருள் பிழையைப் பதியும் டபிள்யூஹெச்இஏ லாகர் 18 இருந்தால், அதில் எந்தக் கோர் என்ற எண் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதே எண் வந்தால் பிராசஸரையோ அதற்குக் கொடுக்கும் வோல்டேஜையோ சந்தேகிக்கலாம். 1074 இருந்தால் ஏதோ ஒரு மென்பொருள் முறைப்படி அணைத்திருக்கிறது. அதன் பெயரும் அதே வரியில் இருக்கும், பெரும்பாலும் அப்டேட். 42 இருந்தால் அணையவே இல்லை, உறக்கத்துக்குப் போயிருக்கிறது.

அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி என்ற இடத்தில் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீலத் திரை வந்தால் நீங்கள் படிக்கும்வரை நிற்கும். பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் இந்தச் சோதனைகள் முடியும்வரை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை.

4. சுவரிலிருந்து எஸ்எம்பிஎஸ் வரை

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யூபிஎஸ், ஸ்டெபிலைசர் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு நேரே சுவர் சாக்கெட்டில் மாட்டி ஒரு நாள் ஓட்டுங்கள். பின்பக்கம் செருகும் பவர் கார்டு தளர்வாக ஆடுகிறதா என்று பார்த்து, வேறொரு கார்டையும் முயன்று பாருங்கள். மானிட்டருடையதே பெரும்பாலும் பொருந்தும்.

யூபிஎஸ் விஷயத்தில் இரண்டு கண்ணிகள். பெட்டியில் 600 விஏ என்று போட்டிருக்கும். அந்த அளவில் பல மாடல்கள் தரக்கூடியது 360 வாட்தான். கேம் ஓடும்போது அதைத் தாண்டினால் யூபிஎஸ் கையை விரித்துவிடும். இரண்டாவது, விலை குறைந்த யூபிஎஸ்கள் பேட்டரிக்கு மாறும்போது சுத்தமான சைன் அலை தருவதில்லை, படிக்கட்டு வடிவ அலையைத்தான் தருகின்றன. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்களில் சில அந்த நொடியில் அணைந்துவிடும். சுவரில் மாட்டும்போது பிரச்சினை இல்லை, யூபிஎஸ்ஸில் மட்டும் என்றால் கம்ப்யூட்டரைத் திறக்கவே வேண்டாம்.

5. கேபினட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள்

பவர் கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டுத் திறங்கள்.

24 பின் கனெக்டரும் பிராசஸருக்கான 8 பின் கனெக்டரும் கிளிக் சத்தம் வரும்வரை உள்ளே போயிருக்க வேண்டும். பிராசஸர் கனெக்டர் 4, 4 என்று இரண்டு துண்டாக வரும். ஒரு துண்டை மட்டும் செருகிவிட்டு மறந்துவிடுவது சகஜம். மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய) எஸ்எம்பிஎஸ் என்றால் கேபிளின் மறுமுனையையும் அழுத்திப் பாருங்கள். அங்கேதான் பெரும்பாலும் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும்.

வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிளை எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். மதர்போர்டு பக்க முனைக்குத்தான் பொது விதி உண்டு; எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்த பின்னில் எத்தனை வோல்ட் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர், சில நேரம் ஒரே தயாரிப்பாளரின் மாடலுக்கு மாடல்கூட மாறும். கச்சிதமாக உள்ளே போகும், டிரைவ்களை எரித்துவிடும்.

அடுத்து மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள். சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைப் பெரிய கேபினட்டில் பூட்டும்போது, பெரிய போர்டுக்காக முன்பே திருகியிருந்த குமிழ் ஒன்று போர்டின் அடியில் துளையில்லாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அது தொடும் இடத்தைப் பொறுத்து எப்போதாவது ஷார்ட் ஆகும். கேபினட்டை லேசாகத் தட்டினால்கூட அணையும். போர்டில் துளை இருக்கும் இடத்தில் மட்டும்தான் குமிழ் இருக்க வேண்டும். கீழே விழுந்த ஸ்க்ரூ ஏதாவது போர்டுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்கத் தகட்டின் வளைந்த நாக்கு ஏதாவது யூஎஸ்பி துளைக்குள் நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது முன்பக்க வயர்கள். பவர் சுவிட்ச், ரீசெட் சுவிட்ச் வயர்கள் இரண்டையும் போர்டிலிருந்து உருவிவிட்டு, பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டுக் கம்ப்யூட்டரை எழுப்புங்கள். இந்த நிலையில் நிற்காமல் ஓடினால் பட்டன்தான் காரணம். உடனடித் தீர்வு வேண்டுமென்றால் ரீசெட் பட்டனின் வயரை பவர் பின்களில் மாட்டிக்கொள்ளலாம்.

முன்பக்க யூஎஸ்பி கேபிள்களையும் ஒரு நாள் கழற்றி வையுங்கள். பின் வளைந்தாலோ முன்பக்கத் துளை நசுங்கியிருந்தாலோ சில மதர்போர்டுகள் யூஎஸ்பியில் அதிக மின்னோட்டம் என்று எச்சரித்துவிட்டு 15 வினாடியில் அணைந்துவிடும்.

6. பயாஸ்: எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்கு

பயாஸில் "லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்" கொடுத்துச் சேமியுங்கள். ரேமை வேகமாக்கும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ, பிராசஸரின் வேகத்தையோ வோல்டேஜையோ மாற்றும் பிபிஓ, கர்வ் ஆப்டிமைசர், அண்டர்வோல்ட் எதுவும் வேண்டாம். இந்த நிலையில் பிரச்சினை மறைந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு, எதில் திரும்பி வருகிறது என்று பாருங்கள்.

பிறகு மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான கடைசி பயாஸைப் போடுங்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் என்றால் இது கட்டாயம். அவற்றில் வோல்டேஜ் தேவைக்கு மேல் ஏறி பிராசஸரே மெல்ல மெல்லத் தேயும் கோளாறு இருந்தது. 2024 ஆகஸ்ட் முதல் பல தவணைகளாகத் திருத்தங்கள் வந்தன. ஏற்கெனவே தேய்ந்த பிராசஸரைப் புது பயாஸ் குணப்படுத்தாது, மாற்றத்தான் வேண்டும். பெட்டியில் வந்த பிராசஸர்களுக்கு இதற்காகவே இன்டெல் வாரண்டியை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக்கியது. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைக்கும் 2023-இல் எக்ஸ்போ போடும்போது எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்கானது) 1.3-ஐத் தாண்டாதபடி திருத்தம் வந்தது. கடையில் நெடுநாள் கிடந்த போர்டில் அதற்கு முந்தைய பயாஸ் இருக்க வாய்ப்புண்டு.

அணைந்து அணைந்து எழும் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குள்ளிருந்து பயாஸைப் புதுப்பிக்காதீர்கள். பாதியில் அணைந்தால் மதர்போர்டு போய்விடும். போர்டில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் அதுவே பாதுகாப்பு: ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்த பென் டிரைவில், மேனுவல் சொல்லும் பெயரில் ஃபைலைப் போட்டு, குறியிட்ட யூஎஸ்பி துளையில் செருகி, பட்டனை அழுத்துங்கள். கம்ப்யூட்டர் இயங்க வேண்டியதில்லை. 24 பின், 8 பின் இரண்டிலும் மின்சாரம் இருந்தால் போதும். விளக்கு மினுக்குவது நிற்கும்வரை தொடாதீர்கள்.

புதுப்பித்த பிறகு முதல் முறை எழும்போது, குறிப்பாக டிடிஆர்5 ரேமில், திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். போர்டு ரேமைப் பழகிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

7. வெப்பம்

வெப்பத்தையும் வோல்டேஜையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டு லாகிங் தொடங்குங்கள். நொடிக்கு நொடி ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். அணைந்த பிறகு அந்த ஃபைலின் கடைசி வரியைத் திறந்தால் சாகும் கணத்தில் என்ன வெப்பம் என்று தெரியும். திரையையே வெறித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

எண்களைப் பார்த்துப் பதறும் முன் ஒன்று: ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்களில் பல முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கும்படிதான் வடிவமைக்கப்பட்டவை. எக்ஸ்3டி மாடல்களுக்கு எல்லை 89. இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரை பெரும்பாலானவற்றுக்கு 100. எல்லையைத் தொட்டதும் பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமே தவிர அணையாது. குறைத்தும் வெப்பம் மேலே ஏறினால்தான் அணையும். அப்படி ஏறுகிறது என்றால் கூலர் சரியாகத் தொடவில்லை அல்லது பம்ப் ஓடவில்லை என்று பொருள். ஆகவே கடைசி வரியில் 80 டிகிரி இருந்து அணைந்தது என்றால் பிராசஸர் வெப்பத்தை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சும்மா இருக்கும்போதே 70, 80 என்று காட்டினால் கூலரைக் கழற்றுங்கள். அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறதா? தெர்மல் பேஸ்ட் (வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் பசை) ஓரத்தில் மட்டும் பதிந்து நடுவில் பதியாமல் இருக்கிறதா? பழையதைத் துடைத்துவிட்டு நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, நான்கு ஸ்க்ரூக்களையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தண்ணீர் கூலர் என்றால் பம்ப் வயர் பம்புக்கான இடத்தில் மாட்டி, பயாஸில் முழு வேகத்தில் ஓடும்படி வைக்க வேண்டும். ஃபேன் மாதிரி வேகம் கூடிக் குறையும்படி விட்டால் சில பம்புகள் நின்றேவிடும்.

8. சுமை ஏறும்போது அணைந்தால்

வரும் புகார்களில் பாதி இந்த வகைதான் என்று தோன்றும். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

சுமையைப் பிரித்துக் கொடுங்கள். முதலில் பிராசஸருக்கு மட்டும்: பிரைம்95-இல் ஸ்மால் எஃப்எஃப்டி, 30 நிமிடம். அடுத்து கிராஃபிக்ஸ் கார்டுக்கு மட்டும்: ஃபர்மார்க், 15 நிமிடம், வெப்பத்தைக் கவனித்தபடி. மூன்றாவது, இரண்டும் சேர்ந்து: ஓசிசிடியில் உள்ள பவர் சோதனை. முதலாவதில் அணைந்தால் பிராசஸர், அதன் 8 பின் கேபிள், போர்டின் விஆர்எம் பகுதி (பிராசஸருக்கு வேண்டிய வோல்டேஜைத் தரும் இடம்). ஹீட்சிங்க் இல்லாத விஆர்எம் உள்ள சிறு போர்டில் பெரிய பிராசஸர் போட்டிருந்தால் இங்கே தெரிந்துவிடும். இரண்டாவதில் அணைந்தால் கிராஃபிக்ஸ் கார்டும் அதன் கேபிளும். மூன்றாவதில் மட்டும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் மொத்தத் திறன்.

மூன்றிலும் தேறி, கேமில் மட்டும் அணைகிறதா? குழப்பமாகத் தோன்றினாலும் இதற்கு விளக்கம் உண்டு. ஃபர்மார்க் ஒரே சீரான சுமை. கேமில் காட்சி மாறும்போது கிராஃபிக்ஸ் கார்டு மில்லி வினாடிக்கும் குறைவான நேரத்துக்குத் தன் வழக்கமான அளவைப்போல் இரு மடங்கைக்கூட இழுக்கும். 300 வாட் கார்டு ஒரு கணம் 600 கேட்கும். சராசரியாக 450 வாட்தான் ஆகிறது என்று காட்டும் மீட்டருக்கு இது தெரியாது. எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்றுக்குத் தெரியும், அணைத்துவிடும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதியில், தன் அளவைப்போல் இரு மடங்கு சுமையை 100 மைக்ரோ வினாடி தாங்க வேண்டும் என்று சேர்த்தது இதனால்தான்.

இதைச் செலவில்லாமல் உறுதி செய்ய ஒரு வழி: ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கிராஃபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டு, அதே கேமை அதே நேரம் ஓட்டுங்கள். அணையவில்லையென்றால் சந்தேகம் மின்சாரம் வரும் வழியில் நிற்கிறது.

உடனே எஸ்எம்பிஎஸ்ஸைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள். ஒரு 8 பின் கனெக்டருக்குரிய அளவு 150 வாட். கார்டில் இரண்டு கனெக்டர் இருந்தால், ஒரே கேபிளின் வாலில் தொங்கும் இரண்டாவது முனையைச் செருகாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள். புது வகை 16 பின் கனெக்டர் என்றால் இடைவெளி தெரியாதபடி முழுதாக உள்ளே போக வேண்டும். கனெக்டரிலிருந்து சுமார் 35 மில்லிமீட்டர் வரை வளைக்கக் கூடாது. கழற்றிப் பார்க்கும்போது பின்களைச் சுற்றி நிறம் மாறியிருந்தாலோ உருகியிருந்தாலோ அதோடு நிறுத்திவிட்டுப் போட்டோ எடுங்கள். இனி அதை இயக்க வேண்டாம்.

திறன் கணக்கு எளிது. பிராசஸரின் அதிகபட்ச வாட், கார்டின் வாட், மற்றவற்றுக்கு 75. உதாரணமாக 150, 300, 75 சேர்ந்தால் 525. இதற்கு 750 வாட் எஸ்எம்பிஎஸ் நிம்மதியாக இருக்கும். பெட்டியில் இருக்கும் 80 பிளஸ் கோல்டு முத்திரையைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் அளக்கும்.

மல்டிமீட்டர் இருந்தால், மாட்டாமல் கிடக்கும் மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். சுமை இல்லாமலும் சுமையோடும் அளந்து பாருங்கள். மென்பொருள் காட்டும் வோல்டேஜை நம்ப வேண்டாம். 12 வோல்ட் லைனில் 10 என்று காட்டிக்கொண்டே நலமாக ஓடும் போர்டுகள் உண்டு. மீட்டரில் எண் சரியாக இருப்பதால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்றும் ஆகிவிடாது, கண நேர இறக்கம் மீட்டரில் பதியாது. தவறாக இருந்தால் மட்டும் கெட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் உயிரைக் கேட்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

9. சும்மா இருக்கும்போது மட்டும் அணைந்தால்

கேமில் பல மணி நேரம் ஓடும், இரவில் விட்டுவைத்தால் காலையில் அணைந்திருக்கும். ரைசன் கம்ப்யூட்டர்களில் இதைப் பார்க்கலாம். கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் கொடுத்திருந்தால் அதை எடுங்கள். முழுச் சுமையில் தாங்கும் குறைந்த வோல்டேஜ், ஓய்வில் ஒரு கோர் சட்டென்று விழித்து எழும்போது போதாமல் போகும். அடுத்து பயாஸில் "பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்" என்பதை "டிப்பிக்கல் கரன்ட் ஐடில்" ஆக்குங்கள். அதுவும் உதவவில்லையென்றால் "குளோபல் சி ஸ்டேட் கன்ட்ரோல்" அணைத்துப் பார்க்கலாம். மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும் என்பதால் இதைச் சோதனையாக மட்டும் வையுங்கள்.

10. ரேம்

ரேம் கெட்டால் வழக்கமாக நீலத் திரை, உறைதல், ரீஸ்டார்ட். மொத்தமாக அணைந்து பட்டனுக்கும் அசையாமல் கிடப்பது ரேமின் குணமில்லை. அறிகுறி பொருந்தினால் மட்டும் இந்தப் படி.

இரண்டு ரேம் என்றால் பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4-ஆம் துளைகளில் போட வேண்டும். மேனுவலில் ஏ2, பி2 என்று இருக்கும். மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸைப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓட விடுங்கள், குறைந்தது 4 சுற்று. பூட் ஆகவில்லையென்றால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணையுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தேறவில்லை என்றுதான் கணக்கு.

எக்ஸ்எம்பி இல்லாமல் பிழை வந்தால் ஒவ்வொரு ரேமாகத் தனியே சோதித்து எது என்று கண்டுபிடியுங்கள். எக்ஸ்எம்பி போட்டால் மட்டும் பிழை என்றால் ரேம் கெட்டது என்று சொல்ல முடியாது. அது ஓவர்கிளாக், பிராசஸருக்குத் தாங்கவில்லை. ரேமின் வேகத்தை 6000-இலிருந்து 5600 ஆக்கிப் பாருங்கள். நான்கு டிடிஆர்5 ரேம் போட்டவர்களுக்கு: ரைசன் 7000-க்கு இரண்டு ரேமில் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 5200, நான்கில் வெறும் 3600. பெட்டியில் போட்டிருக்கும் 6000 அங்கே வராவிட்டால் யாரிடமும் புகார் சொல்ல முடியாது.

11. இன்னும் தெரியவில்லையா? வெளியே எடுங்கள்

மதர்போர்டை அதன் அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் மாட்டி ஓட்டுங்கள். போர்டு வந்த பளபளப்பான பையின் மேல் வைக்காதீர்கள், அதன் வெளிப்புறம் மின்சாரம் கடத்தக்கூடும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் திரை வர பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் இருக்க வேண்டும். பெயர் எஃப் என்று முடிந்தால் இருக்காது. இப்படி ஓடினால் கேபினட் பக்கம் ஷார்ட். ஓடவில்லையென்றால் நண்பரின் எஸ்எம்பிஎஸ்ஸை, அதனுடைய கேபிள்களோடு, இரவல் வாங்கி மாட்டுங்கள். அப்போதும் அணைந்தால் மிச்சம் மதர்போர்டும் பிராசஸரும்தான். சாக்கெட்டில் வளைந்த பின் இருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

12. வாரண்டிக்கு அனுப்பும்போது

எப்போதாவது வரும் கோளாறைச் சர்வீஸ் மையத்தில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு "நன்றாகத்தான் இருக்கிறது" என்று திருப்பி அனுப்புவது வழக்கம். அதனால் "அடிக்கடி ஆஃப் ஆகிறது" என்று எழுதாதீர்கள். எந்தச் சோதனை, எத்தனையாவது நிமிடம், என்ன வெப்பம், எந்தப் பாகத்தை மாற்றியபோது நின்றது என்று எழுதிக் கொடுங்கள். அணையும் கணத்தின் வீடியோவும் லாக் ஃபைலும் சேர்ந்திருந்தால் பேச்சு குறையும்.

ஜோடியாக வாங்கிய ரேமில் ஒன்று கெட்டாலும் பெரும்பாலும் இரண்டையும் கேட்பார்கள். மதர்போர்டுக்கு சாக்கெட்டை மூடும் பிளாஸ்டிக் மூடி வேண்டும்; அது இல்லாமல் போய், வழியில் பின் வளைந்தால் பொறுப்பு உங்கள் தலையில். ஸ்டிக்கர் எதையும் கிழிக்காதீர்கள். அனுப்பும் செலவு யாருடையது, திரும்பி வர எத்தனை நாள் என்பதை முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாற்றுப் பாகம் வந்ததும் முன்பு தோற்ற அதே சோதனையை, அதே நேரத்துக்கு மேல் ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை அணைந்துகொண்டிருந்தது என்றால் இரண்டு வாரமாவது பார்க்காமல் சரியாகிவிட்டது என்று சொல்லாதீர்கள். வந்தது எஸ்எம்பிஎஸ் என்றால் அதோடு வரும் கேபிள்களையே போடுங்கள். கேபினட்டுக்குள் அழகாகக் கட்டிவைத்த பழைய கேபிள்களை அவிழ்க்கச் சோம்பல்பட்டு, அதே மாடல்தானே என்று பெட்டியை மட்டும் மாற்ற வேண்டாம். கோளாறு அந்தக் கேபிளிலேயே இருந்திருக்கலாம்.